சோலைமலையின் எலும்பும் நாகலெட்சுமியின் தேசிக்காயும்

அக்கரப்பத்தனைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் யார் வீட்டில் விசேஷம் நடந்தாலும், பந்தியில் சோலைமலை அண்ணனுக்குப் பக்கத்து இடம் கடைசிவரை காலியாகவே கிடக்கும். மனிதர் தங்கமானவர். குடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, சாவு வீடானாலும் கல்யாண வீடானாலும் பந்தல்கால் நட முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் இலையில் ஊறுகாய் விழுந்த உடனே அதை இரண்டு விரலால் தூக்கி இலைக்கு வெளியே வைத்துவிடுவார். தன் இலையோடு விட்டால் பரவாயில்லை. பக்கத்து இலைக்கும் கை நீளும்.

"தம்பி, இத தின்னாதீங்க. எலும்பு உருகிரும்."

தேசிக்காய் என்று நாங்கள் சொல்லும் எலுமிச்சை, தோடம்பழம் என்கிற ஆரஞ்சு, நாரத்தங்காய், ஜம்போலை என்று புளிப்பும் சாறும் உள்ள எதுவுமே அவர் வாய்க்குள் போகாது. மற்றவர்கள் வாய்க்குள் போவதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாடவைக்கிற மாடியில் வேலை. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்க என் கைக்கு எட்டாது. அந்த எலும்புகளின் மேல் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. சிலர் மாட்டைக் காட்டுவது மாதிரி முழங்கையைத் தட்டிக் காட்டுவார்.

இந்தப் பயம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. இரண்டாயிரத்து ஏழில் வந்தது. கொண்டுவந்தது அவருடைய ஒரே மகள் லோஜினி.

லோஜினி அப்போது எட்டாம் வகுப்பு. ஹட்டனில் வலய மட்ட விஞ்ஞானக் கண்காட்சி. அவள் ஒரு கோழிக்கால் எலும்பை மூன்று வாரம் தேசிக்காய்ச் சாற்றில் ஊறப்போட்டு, போத்தலோடு மேசைமேல் வைத்திருந்தாள். சாற்றை இடையில் இரண்டு தடவை மாற்றியிருந்தாள். சோலைமலை அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகளைப் பார்க்கப் போனார். கூட்டத்துக்கு நடுவே நின்று பார்த்தார். லோஜினி எலும்பை எடுத்து, ரப்பர் குழாயை வளைப்பது மாதிரி வளைத்துக் காட்டினாள். கூட்டம் "ஆ" என்றது. அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. அன்று காலையில்தான் அவர் தேசிக்காய் பிழிந்த சம்பலோடு நாலு ரொட்டி சாப்பிட்டிருந்தார்.

அதற்கு மேலும் லோஜினி பேசினாள். ஆனால் அக்கரப்பத்தனை பஸ் புறப்படுகிற நேரமாகிவிட்டதால் அண்ணன் கேட்கவில்லை. ஸ்டாண்டுக்கு ஓடிவிட்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தன் முழங்காலை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாராம்.

லோஜினிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பரிசு அவளுக்கு, போத்தல் அப்பாவுக்கு.

அந்தப் போத்தல் பிறகு எங்கள் தோட்டத்தில் ஓர் ஆளாகவே ஆகிவிட்டது. சங்கக் கூட்டத்துக்கு வரும். தேர்த் திருவிழாவுக்கு வரும். பஸ்ஸில் பக்கத்தில் யாராவது தோடம்பழத்தை உரித்தால் பையிலிருந்து வெளியே வரும். வருஷத்துக்கு ஒரு முறை, தீபாவளிக் கோழியின் கால் எலும்பை எடுத்து அண்ணன் புதிதாகப் போடுவார். பழைய எலும்பு ரொம்பத் தொளதொளத்துப் போய்விடுமாம். சாற்றையும் மாற்றுவார். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரே தடவையில் மிக அதிகமாகத் தேசிக்காய் வாங்கியவர் அவர்தான். அக்கரப்பத்தனைக் கடைத்தெருவில் பழக்கடை வைத்திருக்கும் நஸார் நானாவே இதைச் சொல்லுவார்.

"ஊரெல்லாம் வேணாம்னு சொல்லிட்டு இவரு ஒராளே முப்பது வாங்கிட்டுப் போறாரு. கேட்டா எலும்புக்குன்னு சொல்றாரு. எந்த எலும்புக்குன்னு நான் கேக்கிறதில்ல."

ஆனாலும் நானாவுக்கு வேதனை இருந்தது. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் அந்தக் கடைக்கு எதிரே நின்று போத்தலை ஆட்டிக் காட்டுவார். பிள்ளைக்குப் பழம் வாங்க வந்த தாய்மார் தயங்கி நிற்பார்கள்.

"அண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று நானா கும்பிடுவார். "கொஞ்சம் தள்ளி அந்த பேக்கரிக்கு முன்னால போய் நில்லுங்க."

"பேக்கரியில என்னா புளிப்பு இருக்கு நானா?"

"அதுக்குத்தான் சொல்றேன். அங்க யாருக்கும் நட்டமில்ல."

இதில் உண்மையாகவே கஷ்டப்பட்டவர் அண்ணனின் மனைவி நாகலெட்சுமி அக்கா. கொழுந்து பறிக்கும் கூட்டத்தில் அவருக்கு நல்ல பெயர், வேகமான கை. புளிப்பில்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. மலையில் பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்காரும்போது மடியிலிருந்து உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய நாரத்தங்காய்த் துண்டு ஒன்று வெளியே வரும். சாப்பிட்டுவிட்டு நாக்கால் ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து நிரையில் இருப்பவர்களுக்கும் வாய் ஊறும்.

வீட்டில் அவர் இரண்டு சம்பல் செய்வார். தேங்காய், மிளகாய், வெங்காயம், உப்பு சேர்த்து முதலில் புருஷனுக்கு இடித்து ஒரு கிண்ணத்தில் எடுத்துவைப்பார். பிறகு உரலைக் கழுவிவிட்டு, தனக்கு வேறாக இடித்துத் தேசிக்காய் பிழிவார். முதலில் தன் சம்பலை இடித்தால் உரலில் புளிப்பு ஒட்டியிருக்குமே என்று அந்த வரிசை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆறரைக்குப் போய் நிற்க வேண்டிய பெண், பதினேழு வருஷம், ஒவ்வொரு நாளும், இரண்டு சம்பல். அவர்களுக்கு அடுத்த காம்பரா எங்களுடையது. லயம் என்கிற வரிசை வீடுகளில் நடுச்சுவர் கூரைவரை போகாது. விடியக் காலையில் உரல் சத்தம் இரண்டு தடவை கேட்கும். நடுவில் தண்ணீர் ஊற்றும் சத்தம். எங்கள் வீட்டில் கடிகாரம் பழுதாகிக் கிடந்த நாட்களில் அதை வைத்துத்தான் எழும்பினோம்.

போன வருஷம் ஆனி மாதத்தில் லிந்துலையில் ஒரு கல்யாணம். நாகலெட்சுமி அக்காவின் சொந்தம். மூன்று நாள் விடாத மழை அன்று காலையிலும் தூறிக்கொண்டிருந்தது. அக்கா பச்சைப் பட்டுச்சேலை, கையில் குடை. அண்ணன் வேட்டி, புதுச் செருப்பு, பையில் போத்தல். லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற கல்படி, மலைத் தண்ணீர் வந்து விழுகிற பீலிக்கரையை ஒட்டிப் போகும். பீலியில் தண்ணீர் பிடிக்கவும் துணி துவைக்கவும் அன்று ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். நானும் பல் விளக்கிக்கொண்டு நின்றேன்.

முதலில் அக்காவுக்குத்தான் கால் வழுக்கியது. நாலைந்து படி உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிப் போய், குடை விரித்தபடி ஓரத்துச் சேற்றில் அமர்ந்தார். சிம்மாசனத்தில் இருப்பது மாதிரி நிமிர்ந்துதான் இருந்தார். பெண்கள் துணியை விட்டுவிட்டு ஓடினார்கள்.

அண்ணன் சிரித்துவிட்டார். சிரிக்கக்கூடாதுதான், ஆனால் குடையோடு அவர் இருந்த இருப்பு அப்படி.

"பாத்தியா நாகு? தின்ன நாரத்தங்காய் எல்லாம் எங்க போச்சுன்னு இப்பத் தெரியும். அசையாத, அசையாத. எலும்பு எத்தன எடத்துல போயிருக்கோ," என்று சொல்லிக்கொண்டே அவரைத் தூக்குவதற்கு இரண்டு படி இறங்கினார்.

புதுச் செருப்பு. ஈரக் கல். மனிதர் முன்னால் சாய்ந்து, வலது கையை ஊன்றிக் கல்லில் விழுந்தார். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பீலித் தண்ணீர்ச் சத்தத்துக்கும் மேலே அது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

நாகலெட்சுமி அக்கா தானாகவே எழுந்து, சேலையில் சேற்றைத் தட்டிவிட்டு, வந்து புருஷனைத் தூக்கினார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அண்ணனின் மணிக்கட்டு சாப்பாட்டுக் கரண்டி மாதிரி வளைந்திருந்தது. பையிலிருந்த போத்தலுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். படம் எடுத்து, எலும்பை இழுத்து நேராக்கி, முழங்கைவரை பிளாஸ்டர் போட்டார்கள். கல்யாணச் சாப்பாடு எங்கள் யாருக்கும் கிடைக்கவில்லை. அன்று மாலைக்குள்ளேயே செய்தி தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் போய்விட்டது. ஆயுசு முழுக்கப் புளிப்புத் தின்ற பெண்சாதி எழும்பி நடந்துவிட்டாள், ஒரு சொட்டும் தொடாத புருஷனுக்குக் கை போய்விட்டது. ஃபெக்டரியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மாடியில் அவரோடு வேலை செய்யும் கஜேந்திரன், நலம் விசாரிக்க வருகிற சாக்கில் இரண்டு தேசிக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

இதையெல்லாம் அண்ணன் தாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஓட்டோவிலேயே அவர் ஒன்றைக் கேட்டுவிட்டார். வழியெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்தது போலிருக்கிறது.

"நாகு, உண்மையச் சொல்லு. எனக்குத் தெரியாம என் சம்பல்ல தேசிக்காய் புழிஞ்சியா?"

அக்கா திரும்பிப் பார்த்தார். "என்னாங்க கேட்டீங்க?"

"இல்லாட்டி எப்படி உடையும்? நான்தான் தொடுறதே இல்லையே. நீதான் எப்பவாவது அவசரத்துல..."

நான் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் உரல் சத்தம் ஒரு தடவைதான் கேட்டது. ஒரு சம்பல், அதில் தேசிக்காய். அண்ணன் ரொட்டியைச் சீனி தொட்டுச் சாப்பிட்டார்.

பேச்சும் நின்றுவிட்டது. அக்கா அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவார், தலை சீவிவிடுவார், சோறு பிசைந்து வைப்பார். எல்லாம் வாய் திறக்காமல். அண்ணனோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சம்பலில் தனக்குத் தெரியாமல் புளிப்புக் கலந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு வழி இல்லை. அதை விட்டால் அத்தனை வருஷமாகச் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். ஆனால் இந்தப் பேச்சு மலைக்கும் போனது. அக்காவோடு கொழுந்து பறிக்கும் மீனம்மா அங்கேயே கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கத்தினாராம்.

"உரல ரெண்டு தடவ கழுவுன கைடி அது! அந்தக் கைக்கு இந்தப் பேரா?"

அன்றிலிருந்து அந்தக் கூட்டத்து இருபத்திரண்டு பெண்களும் சோலைமலை அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் பீலிக்கு வந்தால் துணியைப் பலமாக அடித்துத் துவைப்பார்கள். தண்ணீர் தெறிக்கும்.

இரண்டு வாரம் கழித்து கிளினிக். கிளினிக் துண்டுச்சீட்டை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏற ஒரு கை போதாது, பெயர் கூப்பிடும்போது ஃபைலை நீட்ட ஒரு கை போதாது, ஆகவே அக்காவும் போனார். பேசாமலேதான். அங்கே இருந்தது ஷாமிலா என்ற இளம் டாக்டர். புதுப் படத்தைப் பார்த்து, எலும்பு சரியாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அண்ணன் சொன்னார். ரொட்டி, சோறு, பருப்பு, வெறும் தேத்தண்ணி.

"பழம்?"

"வாழைப்பழம், டாக்டரம்மா. பழுத்தது."

"பல் விளக்கும்போது முரசுல ரத்தம் வருமா?"

"வரும். பேஸ்ட் சரியில்ல. நாலு கம்பனி மாத்திட்டேன்."

"தோடம்பழம், கொய்யாப்பழம், தேசிக்காய் ஒண்ணும் சாப்பிடுறதில்லையா ஐயா?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் மாதிரி அண்ணன் இடது கையைப் பைக்குள் விட்டுப் போத்தலை மேசைமேல் வைத்தார். டாக்டர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். மூடியைத் திறந்தார். முகத்தைச் சுளித்தார். கையுறை போட்டு எலும்பை எடுத்து இப்படியும் அப்படியும் வளைத்தார். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அருமையா செஞ்சிருக்கீங்க. எத்தன வாரம்?"

"பதினேழு வருஷம், டாக்டரம்மா. எலும்பையும் சாறையும் மட்டும் மாத்துவேன்."

"சரி. இது இப்ப உடைஞ்சிருக்கா?"

"இல்ல. வளையுது."

"உங்க எலும்பு?"

அண்ணன் பிளாஸ்டரைப் பார்த்தார். "உடைஞ்சிருச்சு."

"கேளுங்க ஐயா. எலும்புல ரெண்டு சாமான் இருக்கு. ஒண்ணு சுண்ணாம்பு மாதிரி, கடினமானது. இன்னொண்ணு நார். புளி இந்தச் சுண்ணாம்பக் கரைச்சிருச்சு. மிச்சம் நிக்கிறது நார். சுண்ணாம்பு இல்லேன்னா எலும்பு தொங்கும். நார் இல்லேன்னா எலும்பு சோக்கட்டி மாதிரி பட்டுன்னு போகும். இந்த நாரப் பின்னுறதுக்கு உடம்புக்கு விட்டமின் சி வேணும். முரசுக்கும் அதுதான். அது எதுல நிறைய இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

நாற்காலியின் நுனியில் இருந்த நாகலெட்சுமி அக்கா சுவரைப் பார்த்தபடி சொன்னார். "தேசிக்காய்ல."

"தேசிக்காய், தோடம்பழம், கொய்யாப்பழம், பச்சமிளகாகூட."

"அப்ப இது எப்படிக் கரைஞ்சிச்சு?" அண்ணனின் குரல் உயர்ந்துவிட்டது. "கண்ணால பாத்தனே!"

"போத்தல்ல எலும்பு நேரா புளிக்குள்ள கிடக்கு. நீங்க தின்னா அது வயித்துக்குத்தான் போகுது, எலும்புக்குப் போறதில்ல. உங்க வயித்துக்குள்ள இப்பவே இருக்கிற அமிலம் தேசிக்காய்க்குச் சளைச்சதில்ல ஐயா."

"என் வயித்துலயா?"

"எல்லார் வயித்துலயும்."

"எப்ப இருந்து?"

"பொறந்ததுல இருந்து."

ஐம்பத்தேழு வருஷம். அவர் மெதுவாக இடது கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். வாசலில் காவல் வைத்துத் தடுத்த திருடன் வீட்டுக்குள்ளேயே குடித்தனம் இருந்திருக்கிறான்.

டாக்டர் நேர்மையானவர். அதற்கு மேலும் சொன்னார். தோடம்பழம் தின்றால் எலும்பு உடையாது என்று தான் சொல்லவில்லை என்றார். பழமும் மரக்கறியும் கூடச் சாப்பிடுகிறவர்களின் எலும்பு கொஞ்சம் நன்றாக இருப்பதாகச் சில ஆராய்ச்சிகளில் தெரிகிறது, அது பழத்தாலா அல்லது அவர்களுடைய மற்றப் பழக்கங்களாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பால், நெத்தலிக் கருவாடு, கீரை, வெயில், நடை எல்லாம் சேர்ந்துதான் எலும்பு என்றார். கடைசியாக, "புளிப்பு அதிகம் தின்னா பல்லு மட்டும் கொஞ்சம் தேயும். தின்னதும் வாயக் கொப்பளிங்க," என்றார்.

அண்ணன் நிமிர்ந்தார். "பல்லும் எலும்புதானே டாக்டரம்மா?"

"இல்ல ஐயா. பல்லு வேற."

அவர் மறுபடி சாய்ந்துவிட்டார்.

"என் பெண்சாதி சம்பல்ல புழிஞ்சிருப்பான்னு நெனச்சேன்," என்று மெதுவாகச் சொன்னார்.

அப்போதுதான் அக்கா டாக்டரைப் பார்த்துப் பேசினார். "பதினேழு வருஷம், டாக்டரம்மா. ரெண்டு சம்பல். ஒரு நாளும் கிண்ணம் மாறினதில்ல." அவ்வளவுதான். கண்ணைத் துடைக்கவில்லை, ஆனால் மூக்கை உறிஞ்சினார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அக்காவின் வயதைக் கேட்டார். ஐம்பத்து நாலு. தீட்டு நின்று எத்தனை வருஷம் என்று கேட்டார். எட்டு. ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார், கண்டியில் போய் எலும்பின் அடர்த்தி பார்த்துவிட்டு வரும்படி. "கை உடைஞ்சவருக்குப் பிளாஸ்டர் போட்டாச்சு. நீங்கதான் பாக்கணும்," என்றார். போத்தலைத் தனக்குத் தருவீர்களா, நோயாளிகளுக்குக் காட்ட உதவும் என்றும் கேட்டார். அண்ணன் கொடுத்துவிட்டார். வாசல்வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாராம்.

பஸ்ஸில் வரும்போது லோஜினிக்குப் போன் போட்டார். அவள் இப்போது கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில்தான் பேசினார். அவருக்கு வேறு மாதிரிப் பேசத் தெரியாது.

"லோஜி, நீ அன்னைக்கு ஹட்டன்ல எலும்பு காட்டுனியே. நாருன்னு ஏதாவது சொன்னியா?"

"சொன்னேனே அப்பா. முதல்ல வளைக்கிறது, ரெண்டாவதா அந்த நாரப் பத்தி. அதுக்குத்தானே மார்க். நீங்க கேட்டீங்கதானே?"

"நான் பஸ்ஸுக்கு ஓடிட்டேன்."

லோஜினி சிரிக்கத் தொடங்கினாள். பஸ்ஸும் சிரித்தது. நாகலெட்சுமி அக்கா மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கரப்பத்தனையில் இறங்கியதும் அண்ணன் மனைவியை பஸ் ஹோல்ட்டில் நிற்கச் சொல்லிவிட்டு, நேராக நஸார் நானாவின் கடைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை இல்லையென்றாலும் நாலு மணிக் கூட்டம் இருந்தது. நானா அவரைக் கண்டதும் பழத்தின்மேல் சாக்கை இழுத்து மூடினார்.

"நானா, ஒரு தோடம்பழம் குடுங்க."

"எலும்புக்கா?"

"திங்கிறதுக்கு."

நானா தன் மகன் றம்ஸானைப் பார்த்தார். றம்ஸான் தராசைப் பார்த்தான். "அண்ணே, வீட்டுக்குக் கொண்டுபோய்த் திங்கிறேன்னு சொன்னா நான் தரமாட்டேன்," என்றார் நானா. "இங்கயே திங்கணும். இந்த எடத்துலதான் நின்னு பேசினீங்க. இங்கயே."

அண்ணனால் ஒரு கையால் உரிக்க முடியவில்லை. நானாவே உரித்து, நாரெல்லாம் எடுத்துச் சுளை சுளையாகக் கொடுத்தார். அதற்குள் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். சோலைமலை அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு சுளையை வாயில் போட்டார். தாடை அசையவில்லை. பிறகு அசைந்தது. ஒரு கண் திறந்தது.

"நானா, இது இனிக்குதே!"

"அல்லாஹ்வே!" நானா தலையில் கை வைத்தார். "பதினேழு வருஷமா இது தெரியாமத்தான் என் கடைக்கு முன்னால நின்னீங்களா?"

கூட்டம் சிரித்து அடங்கும்வரை அண்ணன் நின்றார். பிறகு, சங்கக் கூட்டத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"எல்லாருக்கும் சொல்றேன். நாகலெட்சுமி ஒரு நாளும் என் சாப்பாட்டுல புழிஞ்சு வைக்கல. நான் சொன்னது பொய். விழுந்து அடிபட்டது என் செருப்பால. அவ கையில ஒரு குத்தமும் இல்ல."

ஹோல்ட்டிலிருந்து நாகலெட்சுமி அக்கா குடையோடு ரோட்டைக் கடந்து வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் சேலைத் தலைப்பை எடுத்துப் புருஷனின் தாடையைத் துடைத்தார்.

"சாறு ஒழுகுது. பாத்துத் தின்னத் தெரியாதா?"

இரண்டு வாரத்தில் அவர் புருஷனிடம் பேசிய முதல் பேச்சு அது. பீலிக்கரையில் அடுத்த நாள் துணி மெதுவாகவே துவைத்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எங்களுக்கு நிம்மதி. ஆனால் சோலைமலை அண்ணனுக்கு நடுவழி தெரியாது. அடுத்த வாரமே அவர் தோடம்பழத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டார். பந்தியில் பக்கத்து இலையில் இப்போது ஊறுகாய் கூடியது. முழங்கால் வலியா, தோடம்பழம். முதுகு பிடிப்பா, தோடம்பழம். ஒரு நாளைக்கு ஆறு ஏழு பழம், வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் தேசிக்காய்த் தண்ணீர், இரவில் இன்னொன்று. பத்தாவது நாள் நெஞ்செரிச்சல் தாங்காமல் ஃபெக்டரிப் படியில் குந்தியிருந்தார்.

"டாக்டரம்மா ஒண்ணுன்னு சொன்னா நீங்க ஆறு திங்கிறீங்க," என்றார் அக்கா. "பாலு, நெத்தலி, கீரைன்னு சொன்னது காதுல விழல. அங்கயும் பஸ்ஸுக்கு ஓடிட்டீங்களா?"

ஆவணியில் பிளாஸ்டர் வெட்டினார்கள். கை கொஞ்சம் மெலிந்து, மணிக்கட்டு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முரசில் ரத்தம் நின்றுவிட்டது. அதே வாரம் இருவரும் கண்டிக்குப் போய் அக்காவின் எலும்பைப் பார்த்துவிட்டு வந்தார்கள். முடிவை ஷாமிலா டாக்டர் வாசித்துச் சொன்னபோது துணைக்கு நானும் போயிருந்தேன். அக்காவின் எலும்பு அடர்த்தி குறையத் தொடங்கியிருக்கிறது. பயப்படுகிற அளவில்லை. ஆனால் கவனிக்க வேண்டும். அன்று சேற்றில் உட்கார்ந்த வாக்கில் விழுந்ததால் தப்பினார், கல்லில் கை ஊன்றியிருந்தால் அவருக்கும் போயிருக்கும். கல்சியம் வில்லை, பால், சின்ன மீன், தினமும் வெயிலில் நடை.

புளிப்பைத் தின்ற எலும்புதான் மெலிந்திருக்கிறது! இதைக் கேட்டதும் அண்ணன் எதையாவது சொல்லிவிடுவார் என்று நான் பயந்தேன். பழைய சோலைமலை என்றால் ரோட்டில் நின்று கத்தியிருப்பார். அவர் வாயைத் திறக்கத்தான் செய்தார்.

"அப்ப தேசிக்காயால..."

"இல்ல ஐயா," என்றார் டாக்டர். "வயசு. தீட்டு நின்னா பொம்பளைங்களுக்கு எலும்பு கொறையும். தேசிக்காய் கெடுக்கவும் இல்ல, தனியா நின்னு காப்பாத்தவும் இல்ல."

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் ஹட்டனில் இறங்கி நெத்தலியும் பால்மா பெட்டியும் வாங்கினார். யாரிடமும் எதையும் பேசவில்லை. அதுதான் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், மழை இல்லாவிட்டால், காலை எட்டு மணி வெயிலில் இருவரும் கார் ரோட்டில் மேல் டிவிஷன்வரை நடக்கிறார்கள். அது அண்ணனின் ஏற்பாடு. கிழமையில் ஆறு நாள் மலையேறி இறங்குகிற பெண்ணுக்கு இது எதற்கு என்று அக்கா முதலில் சண்டை போட்டார். பிறகு போனார். அக்கா முன்னால், அண்ணன் முப்பதடி பின்னால், மூச்சு வாங்க.

"மெதுவாப் போ நாகு. விழுந்திருவ."

"நான் விழல. நீங்க சீக்கிரம் வாங்க."

போன வாரம் நான் எதிரே வந்தேன். அண்ணன் வளைவில் ஒரு கல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கொண்டிருந்தார். அக்கா மேலே, பங்களாத் திருப்பத்தில் மீனம்மாவோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது நடை என்று கேட்டேன்.

"எலும்புக்கு நல்லதுதான் தம்பி," என்றார் அவர், குதிகாலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே. "எனக்குத்தான் மூச்சு முட்டுது. அதுக்கு என்னா திங்கணும்னு டாக்டரம்மாகிட்டக் கேக்கணும்."